வரி ஏலத்தில் வாங்கிய மண்: தென் கரோலினாக் கரையோரப் பயணக் குறிப்புகள்

திங்கள்: சம்டர் கோட்டை

சம்டர் கோட்டைக்கு இரண்டு இடங்களிலிருந்து படகு விடுகிறார்கள். ஒன்று சார்ல்ஸ்டன் நகரின் லிபர்ட்டி சதுக்கம், இன்னொன்று அக்கரையில் மவுன்ட் பிளசன்ட்டில் உள்ள பேட்ரியட்ஸ் பாயின்ட். லிபர்ட்டி சதுக்கத்தில் ஏறுவதே நல்லது. அங்குள்ள காட்சியகத்தில் அமெரிக்க உள்நாட்டுப் போர் ஏன் வந்தது என்பதைப் படித்துவிட்டு ஏறலாம். போக அரை மணி, கோட்டையில் ஒரு மணி, திரும்ப அரை மணி. வந்த படகிலேயே திரும்ப வேண்டும் என்பதால், அந்த ஒரு மணியில் எதைப் பார்ப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

காரணத்தைப் பற்றி ஐயத்துக்கு இடமே இல்லை. 1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா அமெரிக்க ஒன்றியத்திலிருந்து முதலாவதாகப் பிரிந்தது. அதற்கு அது வெளியிட்ட அறிக்கையே, அடிமைமுறை இல்லாத மாநிலங்கள் அடிமைமுறை மீது காட்டும் பகையைத்தான் காரணமாகச் சொல்கிறது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் மாநிலத்தின் மக்கள்தொகை 7,03,708. அதில் 4,02,406 பேர் அடிமைகள். நூற்றுக்கு 57 பேர் இன்னொருவரின் சொத்தாக எழுதப்பட்டிருந்த ஊர் இது.

கோட்டை நிற்பது செயற்கைத் தீவில். 1829-இல் தொடங்கிப் பாறைகளைக் கொட்டி மேடாக்கி, ஐந்து பக்கச் சுவர் எழுப்பினார்கள். மதில் ஐந்தடி கனம், மூன்று அடுக்கு, ஏறத்தாழ 50 அடி உயரம். இன்று ஓர் அடுக்கு மட்டுமே மிச்சம். அதை இடித்தது 1861-இன் முதல் தாக்குதல் என்று நினைத்துவிட வேண்டாம். 1863 முதல் ஒன்றியப் படை மாதக்கணக்கில் மோரிஸ் தீவிலிருந்து குண்டு வீசியதில்தான் மேலடுக்குகள் போயின. நடுவில் கறுப்பாக நிற்கும் பெரிய கான்கிரீட் கட்டடமும் உள்நாட்டுப் போர்க் காலத்தது இல்லை. ஹியூகர் பீரங்கி மேடை என்னும் அது 1890-களின் கடைசியில் கட்டப்பட்டது. அதைச் சுற்றிப் படம் எடுத்தே பலருக்கு ஒரு மணி தீர்ந்துவிடுகிறது. நேராக இடது பக்கச் சுவரின் கீழ்த்தள வளைவுகளுக்குப் போங்கள். பழைய செங்கல்லும் அதில் தைத்த குண்டுகளும் அங்கேதான் இருக்கின்றன.

1861 ஏப்ரல் 12, அதிகாலை 4.30-க்கு கரையில் பிரிவினைப் படை பிடித்திருந்த ஜான்சன் கோட்டையிலிருந்து முதல் குண்டு கிளம்பியது. சம்டருக்குள்ளே ஒன்றியப் படையின் மேஜர் ராபர்ட் ஆண்டர்சனிடம் இருந்த வீரர்கள் 85 பேர்தான். ஜனவரியில் உணவு கொண்டுவந்த ‘ஸ்டார் ஆஃப் தி வெஸ்ட்’ கப்பலைக் கரையிலிருந்து சுட்டு விரட்டியிருந்தார்கள். அதனால் ஏப்ரலில் கையிருப்பு அடிமட்டம். வெடிமருந்து இருந்தது, அதை நிரப்பிச் சுடத் துணிப்பை போதவில்லை. படுக்கை விரிப்பையும் சட்டையையும் கிழித்துத் தைத்தார்கள். தைக்க ஊசி ஆறுதான் இருந்தது. தங்குமிடங்கள் தீப்பிடித்து நெருப்பு வெடிமருந்து அறையை நெருங்கவே, 34 மணி நேரத்தில் சரணடைந்தார்கள். குண்டுவீச்சில் ஒருவரும் சாகவில்லை. கொடியை இறக்கும்போது மரியாதைக் குண்டு முழக்கியபோது ஏற்பட்ட வெடிவிபத்தில்தான் உயிர் போனது.

படகு புறப்படும் முன் சுவரின் மேல் ஏறி நகரத்தைப் பாருங்கள். 1862 மே 13 விடியலில் ‘பிளான்டர்’ என்ற நீராவிப் படகு இந்தச் சுவருக்கு அடியில்தான் வந்தது. சுக்கான் பிடித்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ், 23 வயது அடிமை. வெள்ளைக் கேப்டன் இரவு வீட்டுக்குப் போனதைப் பயன்படுத்திக்கொண்டு, அவருடைய வைக்கோல் தொப்பியை மாட்டிக்கொண்டு, கோட்டைக்குத் தர வேண்டிய ஊதல் சைகையைச் சரியாகத் தந்து கடந்தார். குடும்பத்தினர் உட்பட 16 பேர் உள்ளே. பீரங்கி எட்டாத தூரம் போனதும் வெள்ளைத் துணியை ஏற்றி, வெளியே காவல் நின்ற ஒன்றியக் கப்பலிடம் படகை ஒப்படைத்தார். படகில் பீரங்கிகளும் சைகைக் குறிப்பேடும் இருந்தன. இந்தப் பயணம் முழுக்க அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

செவ்வாய்: சார்ல்ஸ்டன் நகரம்

காலையில் கேட்ஸ்டன் துறைமேடை. 1808 ஜனவரி 1-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது சட்டப்படி நின்றது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இந்த ஒரே மேடையில் ஆயிரக்கணக்கானோர் இறக்கப்பட்டார்கள். அதே இடத்தில் 2023 ஜூனில் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கட்டடம் தூண்கள் மேல் தரையிலிருந்து 13 அடி உயர்ந்து நிற்கிறது. அந்த மண்ணைக் கட்டடத்தால் மூடக் கூடாது என்று எண்ணிச் செய்த வேலை அது. நேரம் குறித்த சீட்டு என்பதால் முன்பதிவு வேண்டும். மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே குடும்ப வரலாறு தேடும் நூலகமும் இருக்கிறது. விடுதலைக்கு முந்தைய கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குப் பெயர் இல்லை. வயது, பாலினம், நிறம் மட்டும் எழுதி, உரிமையாளர் பெயருக்குக் கீழே வரிசையாகப் போட்டிருப்பார்கள். முழுப்பெயரோடு பெரும்பாலோர் வருவது 1870 கணக்கெடுப்பில்தான். மூதாதையரைத் தேடுகிறவர்கள் முட்டி நிற்கும் சுவர் அதுதான். விடுதலை பெற்றோர் வங்கியின் கணக்குப் பதிவேடுகளும் பண்ணைகளின் பாகப்பிரிவினைப் பட்டியல்களும் அதில் சிறு வழி திறக்கின்றன.

சாமர்ஸ் தெரு, கதவு எண் 6: பழைய அடிமைச் சந்தை அருங்காட்சியகம். 1856-இல் நகரசபை தெருவில் மனிதரை ஏலம் விடுவதைத் தடை செய்தது. அதன் பின் வியாபாரம் மதிலுக்குள் போனது. இது அப்படி ஒரு ஏலக்கூடம். உள்ளே இடம் குறுகல், படிக்க வேண்டியது நிறைய. கூட்டம் சேருமுன் போனால்தான் நின்று படிக்க முடியும்.

மதியம் வடக்கே ஹேம்ப்டன் பூங்கா. ஓக் மரங்களும் ரோஜாப் பாத்திகளும் உள்ள இந்த இடம் போருக்கு முன் பணக்காரர்களின் குதிரைப் பந்தயத் திடல். போரின் கடைசி ஆண்டில் திறந்தவெளிச் சிறையானது. நோயிலும் வெயிலிலும் மடிந்த ஒன்றிய வீரர்கள் 257 பேரைக் குழியில் கொட்டி மூடியிருந்தார்கள். 1865 பிப்ரவரியில் நகரம் விழுந்ததும் கறுப்பினத் தொழிலாளர்கள் 28 பேர் அந்த உடல்களைத் தோண்டி எடுத்து, தனித்தனியே அடக்கம் செய்து, வேலி போட்டு வெள்ளையடித்தார்கள். மே 1 அன்று பத்தாயிரம் பேர் ஊர்வலம் வந்தார்கள். முன்னால் வந்தவர்கள் மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகள், கையில் ரோஜாக்களோடு. அமெரிக்கா இன்று கொண்டாடும் நினைவு நாளுக்கு முன்னோடி இதுதான் என்று வரலாற்றாய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். பல பத்தாண்டுகள் இந்நகரம் இதை மறந்தே போயிருந்தது. பூங்காவின் பெயரைக் கவனியுங்கள்: ஹேம்ப்டன் பிரிவினைப் படையின் தளபதி. சனிக்கிழமை கொலம்பியாவில் அவரைக் குதிரை மேல் காண்போம்.

திரும்பும் வழியில் கால்ஹவுன் தெருவில் இமானுவேல் தேவாலயம். 1822-இல் டென்மார்க் வீசி அடிமைக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகச் சொல்லி 35 பேரைத் தூக்கிலிட்டபோது, அவர் சார்ந்திருந்த சபையின் கட்டடமும் அழிக்கப்பட்டது. போர் முடிந்த 1865-இல் சபை வெளிப்படையாக மீண்டும் எழுந்தது. 2015 ஜூன் 17 அன்று வெள்ளை இனவெறியன் ஒருவன் வேத வகுப்பில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றது இங்கேதான். இறந்தவர்களில் ஒருவர் சபையின் போதகர் கிளெமென்டா பிங்க்னி. மாநில மேலவை உறுப்பினரும் கூட. அவர் பெயர் ஒரு நிலச் சட்டத்துக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. அது வெள்ளிக்கிழமைக் குறிப்பில்.

புதன்: காம்பஹீ ஆறு, பியூஃபோர்ட், சாக்ஸ்டன் முகாம்

சார்ல்ஸ்டனிலிருந்து பியூஃபோர்ட் 70 மைல், ஒன்றரை மணி. நெடுஞ்சாலை 17-இல் காம்பஹீ ஆற்றைக் கடக்கும் பாலத்துக்கு, அடிமைமுறையிலிருந்து தானும் தப்பிப் பலரையும் தப்புவித்த ஹாரியட் டப்மன் பெயர். வேகத்தைக் குறைத்து இருபுறமும் பாருங்கள். நேர்கோடாக ஓடும் வரப்புகளும் வாய்க்கால்களும் பழைய நெல்வயல்கள். ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மட்டம் உயரும். மரக்கதவு வைத்த மதகால் அதை வயலுக்குள் விட்டு, வற்றும்போது வடிப்பார்கள். அந்த வரப்பு ஒவ்வொன்றும் சதுப்பு நிலக் காட்டை வெட்டி, இடுப்பளவு சேற்றில் நின்று அடிமைகள் போட்டது. 1863 ஜூன் 2 விடியலில் டப்மனும் கர்னல் மாண்ட்கோமரியும் கறுப்பினப் படைவீரர் சுமார் 300 பேரோடு இந்த ஆற்றில் வந்தார்கள். நீருக்குள் கண்ணிவெடிகள் எங்கெங்கே மிதக்கின்றன என்பதை டப்மனின் ஒற்றர்கள் முன்பே அறிந்து வைத்திருந்தார்கள். ஒரே நாளில் 700-க்கும் மேற்பட்டோர் படகேறி விடுதலையானார்கள்.

பியூஃபோர்ட்டில் முதலில் கிரேவன் தெரு 706-க்குப் போங்கள். பழைய தீயணைப்பு நிலையம், இப்போது மறுகட்டமைப்புக் காலத் தேசிய வரலாற்றுப் பூங்காவின் வரவேற்பகம். 2017 ஜனவரியில் அதிபர் ஒபாமா நினைவிடமாக அறிவித்தார், 2019-இல் பூங்காவானது. போர்க்களங்களுக்கு அமெரிக்காவில் எத்தனையோ பூங்காக்கள் உண்டு. தோற்ற தென் மாநிலங்களைத் திருத்தி அமைத்து, விடுதலை பெற்றவர்களுக்கு உரிமை தர முயன்ற காலம்தான் மறுகட்டமைப்பு. போருக்குப் பிந்தைய அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கென்று தேசியப் பூங்கா அமைப்பில் ஓர் இடம் கிடைக்க இத்தனை காலம் ஆயிற்று. வாரத்தில் எல்லா நாளும் திறப்பதில்லை. நாளைப் பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

இங்கே மறுகட்டமைப்பு போர் முடிந்து தொடங்கவில்லை. போர் வந்த ஏழாவது மாதத்திலேயே தொடங்கிவிட்டது. 1861 நவம்பர் 7 அன்று ஒன்றியக் கடற்படைத் தளபதி டூபாண்டின் கப்பல்கள் போர்ட் ராயல் நீரிணையின் இரு கோட்டைகளையும் சில மணி நேரத்தில் வீழ்த்தின. தீவுகளின் பண்ணை முதலாளிகள் அப்படியே கிளம்பி ஓடினார்கள். கூட வர மறுத்துத் தங்கிய அடிமைகள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். வயலில் பருத்தி நிற்கிறது, முதலாளி இல்லை, சட்டப்படி விடுதலையும் இல்லை. இவர்களுக்குக் கூலி யார் கொடுப்பது, பள்ளிக்கூடம் யார் நடத்துவது, நிலம் யாருக்கு என்ற கேள்விகளுக்கெல்லாம் நாடு முதன்முதலாக விடை தேடியது இந்த ஊரில்தான்.

நிலக் கேள்விக்கு விடை ஒரு வரிச் சட்டத்தின் வழியே வந்தது. போர்ச் செலவுக்காக 1861 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் எல்லா மாநிலங்கள் மீதும் 2 கோடி டாலர் நேரடி நிலவரி போட்டது. கிளர்ச்சிப் பகுதியில் வரி கட்டாத நிலத்தை ஏலம் விடலாம் என்று 1862 ஜூனில் இன்னொரு சட்டம் வந்தது. ஓடிப்போன முதலாளி எதிரிப் பகுதியில் இருக்கிறார். வரி கட்ட வரமுடியாது. 1863 மார்ச்சில் ஏலம் நடந்தது. பெரும்பகுதியை அரசே எடுத்தது. மீதியில் பதினொரு பண்ணைகளை எட்வர்ட் பில்பிரிக் என்ற பாஸ்டன்காரர் ஏக்கருக்கு ஒரு டாலர் கணக்கில் அள்ளினார். விடுதலை பெற்றவர்களும் காசைக் கூட்டாகப் போட்டுச் சுமார் 2,000 ஏக்கர் வாங்கினார்கள். பில்பிரிக் பின்னால் அதே மண்ணை அங்கே உழைத்தவர்களுக்கு ஐந்து டாலருக்கு விற்றார். நல்ல நோக்கத்தோடு வந்தவர் என்று அவரைப் புகழ்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நான்கு டாலர் வித்தியாசத்தை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை.

பிரின்ஸ் தெரு 511-இல் உள்ள வீட்டைத் தெருவில் நின்று பார்க்கலாம். தனியார் வீடு, உள்ளே அனுமதி இல்லை. இதன் கொல்லைப்புறக் குடிசையில் 1839-இல் பிறந்த ராபர்ட் ஸ்மால்ஸ், போர்க்காலத்திலேயே இதே வீட்டை வரி ஏலத்தின் வழியே வாங்கினார். போருக்குப் பின் பழைய உரிமையின் பேரில் டி டிரெவில் என்பவர் வழக்குப் போட்டார். 1878-இல் உச்ச நீதிமன்றம் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. இதை ஒரு வீட்டு வழக்கு என்று கடந்துவிடக் கூடாது. வரி ஏலப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பு வந்திருந்தால், இந்தத் தீவுகளில் நிலம் வாங்கிய கறுப்பினக் குடும்பங்கள் அத்தனையும் ஆட்டம் கண்டிருக்கும். அவர் கல்லறை கிரேவன் தெருவிலேயே டேபர்னகிள் பாப்டிஸ்ட் தேவாலய வளாகத்தில், மார்பளவுச் சிலையோடு இருக்கிறது.

நான்கு மைல் தெற்கே சாக்ஸ்டன் முகாம், விடுதலை பெற்றவர்கள் சேர்ந்த படைப்பிரிவு தங்கியிருந்த இடம். கடற்படை மருத்துவமனை வளாகத்தை ஒட்டிய இடம் இது. மருத்துவமனை வாயிலில் உள்ளே விட மாட்டார்கள். பக்கத்தில் உள்ள பிரெடரிக் கோட்டைப் பொதுவெளி வழியாகப் போக வேண்டும். அங்கே ஆற்றோரம் சிதைந்து நிற்கும் சுவர்கள் டாபி என்னும் கலவையால் ஆனவை: சிப்பி ஓட்டைச் சுட்ட சுண்ணாம்பு, மணல், முழுச் சிப்பி ஓடு மூன்றும் சம அளவு, தண்ணீர் விட்டுப் பிசைந்து பலகை அச்சுக்குள் அடுக்கடுக்காக இடித்து நிரப்புவது. ஒவ்வொரு அடுக்கும் காய்ந்த பிறகே அடுத்தது. மேல்பூச்சு போனால் மழைநீர் உள்ளே இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துவிடும். ஆகவே சுவர் மேல் கை வைக்காதீர்கள். 1863 ஜனவரி 1 அன்று இங்கே ஓக் மரங்களடியில் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. வாசித்தவர் வில்லியம் பிரிஸ்பேன். தன் அடிமைகளைத் தானே விடுவித்து ஊரைவிட்டுப் போயிருந்த முன்னாள் பண்ணை முதலாளி, இப்போது வரி ஏலம் நடத்தும் ஆணையர்களில் ஒருவர். அந்தப் படைப்பிரிவின் வெள்ளைத் தளபதி கர்னல் ஹிக்கின்சன் கொடியை வாங்கியதும், யாரும் கேட்காமலே கறுப்பின மக்கள் நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடத் தொடங்கினார்கள். மேடையில் இருந்த வெள்ளையர் சேர்ந்து பாட முயன்றபோது ஹிக்கின்சன் அவர்களை அடக்கினார்.

மாலையில் போனால் கொசுவும் கண்ணுக்குத் தெரியாத மணல் ஈயும் பெரிய தொல்லை; முழுக்கை சட்டை அவசியம்.

வியாழன்: ஹில்டன் ஹெட், சவானா

ஹில்டன் ஹெட் இன்று கோல்ஃப் திடல்களின் தீவு. அதற்குள் பீச் சிட்டி சாலையில் மிட்செல்வில் பூங்கா இருப்பது பலருக்குத் தெரியாது. 1862 இலையுதிர் காலத்தில் ஜெனரல் மிட்செல் இராணுவ முகாமுக்கு வெளியே விடுதலை பெற்றவர்களுக்கென்று ஊர் அமைக்க ஆணையிட்டார். அடுத்த சில வாரங்களில் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார். குடும்பத்துக்குக் கால் ஏக்கர் மனை. இராணுவ மர அறுவை ஆலைப் பலகையில் மக்களே வீடு கட்டினார்கள். தெருக்கள், தேர்தல், ஊர் மன்றம் எல்லாம் அவர்களுடையவை. 6 முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் பள்ளிக்குப் போக வேண்டும் என்று விதித்தார்கள். 1865-இல் சுமார் 1,500 பேர் வாழ்ந்தார்கள். கூலி கொடுத்தது இராணுவம். 1868-இல் அது கிளம்பியதும் பிழைப்புக்கு வழி குறைந்தது. காலடி மண்ணும் அவர்கள் பெயரில் இல்லை. 1870-களில் பழைய உரிமையாளரான டிரேட்டன் குடும்பத்துக்கே திரும்பியது. அன்றைய வீடு ஒன்றுகூட மிஞ்சவில்லை. விளக்கப் பலகைகளைப் படிக்க ஒரு மணி போதும்.

அங்கிருந்து சவானா ஒரு மணிக்கும் குறைவு. மேடிசன் சதுக்கத்தில் உள்ள கிரீன்-மெல்ட்ரிம் மாளிகையில்தான் நகரைப் பிடித்த ஒன்றியப் படைத் தளபதி ஜெனரல் ஷெர்மன் தங்கியிருந்தார். தேவாலயத்துக்குச் சொந்தமான கட்டடம். சில நாள்களில் சில மணி நேரம் மட்டும் வழிகாட்டியோடு காட்டுகிறார்கள். 1865 ஜனவரி 12 மாலை மாடி அறையில் கறுப்பினச் சபைத் தலைவர்கள் 20 பேரை ஷெர்மனும் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனும் சந்தித்தார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் 67 வயது காரிசன் பிரேசியர். ஆயிரம் டாலர் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தனக்கும் மனைவிக்கும் விடுதலை வாங்கியவர். உங்களை நீங்களே எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், எங்கள் உழைப்பால் உழுது வாழ்வோம் என்றார்.

நான்கு நாள் கழித்து வந்தது ஷெர்மனின் களஆணை எண் 15. சார்ல்ஸ்டனிலிருந்து புளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறு வரை, கடலிலிருந்து 30 மைல் உள்ளே வரை உள்ள வயல்கள் விடுதலை பெற்றவர்களுக்கு. குடும்பத்துக்கு அதிகபட்சம் 40 ஏக்கர். ஜூன் மாதத்துக்குள் ஏறத்தாழ 40,000 பேர் நான்கு லட்சம் ஏக்கரில் குடியேறினார்கள். அவர்கள் கையில் இருந்தது அனுபவ உரிமைச் சீட்டு மட்டுமே. கிரயப் பத்திரம் இல்லை; காங்கிரஸ் சட்டமும் இல்லை. ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அதிபரான ஆண்ட்ரூ ஜான்சன் பிரிவினைக்காரர்களுக்கு மன்னிப்பு வழங்கி, நிலத்தையும் திருப்பித் தரச் சொன்னார். அக்டோபரில் எடிஸ்டோ தீவுத் தேவாலயத்தில் இந்தச் செய்தியைச் சொல்ல வந்த ஜெனரல் ஹவர்டால் பேச்சைத் தொடர முடியவில்லை. கூட்டத்தில் ஒரு பெண் துயரப்பாட்டு ஒன்றைப் பாட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தீவின் மூவர் குழு ஹவர்டுக்கு எழுதிய மனு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. முதுகில் சாட்டையடி கொடுத்தவரின் கீழேயே மறுபடியும் கூலிக்குப் போ என்கிறீர்களே என்பது அதன் சாரம்.

வெள்ளி: செயின்ட் ஹெலினா தீவு

பியூஃபோர்ட்டிலிருந்து எட்டு மைல். நடுவில் உள்ள உட்ஸ் பாலம் படகு வந்தால் சுழன்று திறக்கும், போக்குவரத்து நின்றுவிடும். கால் மணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதலை பெற்றவர்களுக்காகத் தொடங்கிய பள்ளியின் வளாகமான பென் மையம் மார்ட்டின் லூதர் கிங் சாலையில், ஓக் மரங்களுக்கு நடுவே ஏறத்தாழ 50 ஏக்கர். முதலில் யார்க் பெய்லி அருங்காட்சியகம், பிறகு டாரா கூடம், கடைசியில் சாலைக்கு எதிரே உள்ள பிரிக் பாப்டிஸ்ட் தேவாலயம் என்று போனால் ஒழுங்காக இருக்கும். தேவாலயத்தை 1855-இல் அடிமைகளே கட்டினார்கள். அவர்களுக்கு உட்கார இடம் மேல்மாடத்தில்தான். 1861-இல் முதலாளிகள் ஓடியதும் அவர்கள் கீழே இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். 1862-இல் லாரா டவுன், எலன் மரே இருவரும் ஒரு பண்ணை வீட்டில் தொடங்கிய பள்ளி, இடம் போதாமல் இந்தத் தேவாலயத்துக்கு மாறியது. அக்டோபரில் வந்து சேர்ந்த சார்லட் ஃபோர்ட்டன் வடக்கிலிருந்து வந்த முதல் கறுப்பின ஆசிரியை. பின்னர் பிலடெல்பியாவில் பகுதி பகுதியாகச் செய்த பள்ளிக் கட்டடம் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டது. லாரா டவுன் 1901-இல் இறக்கும் வரை, நாற்பது ஆண்டுக்கு நெருக்கமாக, இங்கேயே இருந்தார். 1960-களில் கிங் தன் தோழர்களோடு கூடிப் பேசத் தங்கிய கேன்ட் குடிலும் வளாகத்தில்தான்.

எடிஸ்டோவில் பறிபோன நிலம் இங்கே ஏன் நிலைத்தது? மண்ணும் மக்களும் ஒன்றே, கடல்தீவுப் பருத்தியும் ஒன்றே. இங்கே உரிமை வந்தது வரி ஏலத்தின் வழியே. அதாவது காங்கிரஸ் சட்டம், பணம் கட்டிய ரசீது, அரசு கொடுத்த பத்திரம். தளபதியின் ஆணையை அதிபர் ஒரு கையெழுத்தில் ரத்து செய்துவிடலாம், இதை முடியாது. 1866 ஜூலைச் சட்டம், ஷெர்மன் சீட்டு வைத்திருந்து நிலம் இழந்தவர்கள் இந்தப் பகுதியில் 20 ஏக்கர் வரை ஏக்கர் ஒன்றரை டாலருக்கு வாங்கலாம் என்றது. அப்படி வாங்கிய பத்து, இருபது ஏக்கர் துண்டுகள்தான் இன்று சாலையின் இருபுறமும் நீங்கள் காணும் சிறு வீடுகள், தோட்டங்கள், குடும்பக் கல்லறைகள். இந்தத் தீவுகளின் கறுப்பின மக்கள் பேசும் குல்லா மொழியும் வலை முடைதலும் புல்கூடை பின்னுதலும் இங்கே உயிரோடு இருப்பதற்குச் சொந்த நிலமே வேர். பழைய முதலாளிகளுக்கும் 1891-இல் காங்கிரஸ் இழப்பீடு கொடுத்தது. அடிமையாக உழைத்தவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

இன்றைய ஆபத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். முதலில் வாங்கியவர் உயில் எழுதாமல் இறக்கிறார். நிலம் பாகம் பிரிக்காமல் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று போகிறது. நாலு தலைமுறையில் நாற்பது ஐம்பது பங்காளிகள். பாதிப் பேர் நியூயார்க்கிலும் பிலடெல்பியாவிலும். ஒவ்வொருவருக்கும் முழு நிலத்திலும் பிரிபடாத பங்கு. அதில் ஒருவரிடம் வெளியாள் பங்கை வாங்கிவிட்டால் போதும், நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்கலாம். இத்தனை பேருக்குத் துண்டு போட முடியாது என்று நீதிமன்றம் 2016 வரை மொத்தத்தையும் ஏலம் விட்டுவந்தது. ஏலத்தில் ரொக்கம் வைத்திருந்தவர் ஜெயித்தார். பெயரில் தெளிவான பத்திரம் இல்லாததால் வங்கிக் கடன் கிடைக்காது, புயலில் வீடு போனால் நிவாரணம் வாங்குவதும் பெரும்பாடு. பங்காளிகள் ஒருவரை ஒருவர் நம்பி இருந்து சொத்துவரி பாக்கி விழுந்தால் அதற்கும் ஏலம் உண்டு. மீட்க ஓராண்டு அவகாசம்.

செவ்வாயன்று சொன்ன கிளெமென்டா பிங்க்னி பெயரிலான சட்டம் 2017 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு வந்தால் நிலத்துக்கு முறையான மதிப்பீடு செய்ய வேண்டும். விற்கக் கேட்கும் பங்கை அந்த மதிப்பில் வாங்க மற்றப் பங்காளிகளுக்கே முதல் வாய்ப்பு. விற்றே ஆக வேண்டுமென்றால் திறந்த சந்தையில் நியாய விலைக்கு விற்க வேண்டும். சார்ல்ஸ்டனில் இதற்கென்றே இயங்கும் வாரிசுச் சொத்துப் பாதுகாப்பு மையம், வாரிசு மரம் வரைவதிலிருந்து பத்திரம் தெளிவாக்குவது வரை உதவுகிறது. 1999 முதல் மாவட்ட விதிகள் இந்தத் தீவில் கோல்ஃப் திடலும் மதில் சூழ்ந்த குடியிருப்பும் சொகுசு விடுதியும் கட்டத் தடை விதிக்கின்றன. 2023-இல் அதைத் தளர்த்தும் முயற்சி நடந்தது; தீவு மக்கள் திரண்டு வந்து எதிர்த்தார்கள், விதி இன்னும் இறுக்கமானது. நீரிணைக்கு அப்பால் ஹில்டன் ஹெட்டில் என்ன நடந்தது என்பது அவர்கள் கண்முன் இருக்கிறது.

குடும்பக் கல்லறைகளுக்குள் கேட்காமல் நுழையாதீர்கள். மண்பாதைகள் பல தனியார் பாதைகள்.

சனி: கொலம்பியா

தலைநகருக்கு இரண்டரை மணிப் பயணம். மாநில மன்றக் கட்டடத்தின் மேற்குச் சுவரில் வெண்கல நட்சத்திரங்கள் பதித்திருக்கிறார்கள்; 1865 பிப்ரவரியில் ஷெர்மனின் பீரங்கிக் குண்டுகள் பட்ட இடங்கள் அவை. வளாகத்தில் நட்சத்திரமும் சிலையும் தேடிச் சுற்றுகிறவர்கள், இந்த மாநிலத்தில் 1868-இல் நடந்ததைத் தெரிந்துகொண்டு சுற்ற வேண்டும். அந்த ஆண்டு புதிய அரசமைப்பு எழுதச் சார்ல்ஸ்டனில் கூடிய 124 பேரில் 76 பேர் கறுப்பினத்தவர். எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளி என்பதை அரசமைப்பில் எழுதினார்கள். அதற்காக வாதாடியவர்களில் ராபர்ட் ஸ்மால்ஸ் ஒருவர். அதே ஆண்டு கீழவையில் கறுப்பினத்தவர் பெரும்பான்மை. விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தவணையில் விற்க மாநிலமே ஒரு நிலக் குழுவை அமைத்தது. வேறெந்த மாநிலமும் அதைச் செய்யவில்லை. குழுவில் ஊழல் நடந்தது உண்மை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதன் வழியே நிலம் பெற்றதும் உண்மை. இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டுமே பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லி வந்தன.

1876-இல் அது முறிக்கப்பட்டது. ஜூலையில் ஹாம்பர்க் ஊரில் வெள்ளையர் கும்பல் கறுப்பின ஊர்க்காவலர்களைக் கொன்றது. தேர்தலில் ஹேம்ப்டனை ஆதரித்த வெள்ளையரின் செஞ்சட்டைக் குழுக்கள் துப்பாக்கியோடு வாக்குச்சாவடிகளைச் சூழ்ந்தன. இரு தரப்பும் வெற்றி தமக்கே என்றது. மாதக்கணக்கில் ஒரே மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர்கள். 1877 ஏப்ரல் 10 அன்று ஒன்றியப் படையினர் இந்தக் கட்டடத்தைவிட்டு வெளியேறியதும் வேட் ஹேம்ப்டன் உள்ளே வந்தார். குதிரை மேல் வளாகத்தில் நிற்பவர் அவர்தான். வடபக்கம் நிற்கும் பென் டில்மன் சிலை இன்னொரு கட்டம்: 1895-இல் அவர் முன்நின்று எழுதிய அரசமைப்பு, எழுத்தறிவுச் சோதனையையும் சொத்துத் தகுதியையும் வைத்துக் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறித்தது. அந்த மன்றத்தில் கறுப்பினப் பிரதிநிதிகள் ஆறே பேர். ஸ்மால்ஸ் அவர்களில் ஒருவர். என் மக்களுக்காகத் தனியே வாதாடத் தேவையில்லை, சம வாய்ப்பு போதும் என்று பேசினார். தோற்றார். அவருக்கு இந்த வளாகத்தில் சிலை வைக்க 2024-இல் சட்டம் நிறைவேறியது.

ஹேம்ப்டன் தெரு 1705-இல் உட்ரோ வில்சன் சிறுவயதில் வாழ்ந்த வீடு உள்ளது. 2014-இல் அதை மறுகட்டமைப்புக் கால அருங்காட்சியகமாக மாற்றினார்கள். வழிகாட்டியோடு மட்டுமே பார்க்க முடியும், ஒரு மணிக்கு மேல் ஆகும். அதிபரின் வீடு என்று வருகிறவர்களுக்கு, இந்நகரின் கறுப்பின வாக்காளர்களையும் அவர்களை வீழ்த்திய வன்முறையையும் பற்றி ஒளிக்காமல் சொல்கிறார்கள்.

கடைசியாகத் தென் கரோலினாப் பல்கலைக்கழகம், நடந்தே போகலாம். 1873 முதல் 1877 வரை தென்னகத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்த்த ஒரே மாநிலப் பல்கலைக்கழகம் இது. ஹார்வர்ட் கல்லூரியில் இளங்கலைப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவரான ரிச்சர்ட் கிரீனர் இங்கே தத்துவம் கற்பித்தார். நூலகராகவும் இருந்து குலைந்து கிடந்த நூல்களை அடுக்கி அட்டவணை செய்தார். ஹேம்ப்டன் ஆட்சி 1877-இல் பல்கலைக்கழகத்தை மூடி, பிறகு வெள்ளையருக்கு மட்டும் திறந்தது. அடுத்த கறுப்பின மாணவர்கள், மூன்று பேர், சேர்ந்தது 1963 செப்டம்பரில். கிரீனரின் சிலை 2018-இல் தாமஸ் கூப்பர் நூலகத்தின் அருகே வைக்கப்பட்டது. சனிக்கிழமையில் வளாகத்துக்குள் வண்டி நிறுத்த இடம் எளிதாகக் கிடைக்கும், கால்பந்தாட்ட நாளாக இல்லாவிட்டால்.